ஐடிலிங் நிற்காத கார்

சிக்னல் பச்சைக்கு மாறும் நேரம் பார்த்து கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஹாரன் அடித்தார்கள். லாரிக்காரர் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் இழுத்தது, இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது. எஞ்சின் பிடிக்கவில்லை.

“அடிங்கடா, நல்லா அடிங்க. ஹாரன் சத்தத்துக்கு எஞ்சின் எந்திரிச்சிடும்னு எவன் சொல்லிக் கொடுத்தான் உங்களுக்கு” என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினார்.

பக்கத்தில் அவர் மனைவி மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறந்தால் ஹாரன்காரர்களுக்குப் போக வேண்டியதெல்லாம் தன் பக்கம் திரும்பும் என்பது அவளுக்குத் தெரியும்.

மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து குனிந்தான். “பெருசு, ஓரமா தள்ளிப் போட்டுக்கங்க. இதையெல்லாம் இன்னுமா ஓட்டறீங்க?”

‘இதையெல்லாம்’ என்றது வண்டியையா தன்னையா என்று லாரிக்காரருக்குப் புரியவில்லை. எதுவாயிருந்தாலும் அவனைச் சும்மா விடக் கூடாதென்று கதவைத் திறந்தார். அதற்குள் அவன் போய்விட்டான்.

அவர் லாரி ஓட்டுவதை விட்டுப் பல வருஷமாகிறது. ஆனாலும் தெருவில் அவருக்கு அந்தப் பேர்தான். நீள டிரெய்லர் வண்டிகளை மலைப்பாதையில் ஏற்றி இறக்கியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இந்தப் பழைய டீசல் காரை வாங்கினார். ஒரே ஒரு முறை எஞ்சினைப் பிரித்து மாட்டினார், அதுவும் தன் கையாலேயே. அதற்குப் பிறகு அது நடுரோட்டில் அவரை ஒரு நாளும் நிறுத்தி வைத்ததில்லை. இப்போது நிறுத்தியது. அதுவும் ஊரே பார்க்க.

மனைவியின் தம்பி மெக்கானிக். கடைத்தெருவுக்குப் பின்பக்கம் சின்னதாக ஒரு ஷெட் போட்டிருந்தான். வண்டியை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவன் பானெட்டைத் திறந்து, காதைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டான். எஞ்சின் மூச்சு வாங்கும் ஆள் மாதிரி ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டீசல் பம்பின் மேலிருந்த ஸ்குரூவில் ஸ்பேனரை வைத்து ஒரு திருகு திருகினான். எஞ்சின் சட்டென்று உரக்கச் சத்தம் போட்டு, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

“அவ்ளோதான் அத்தான். ஐடிலிங் கம்மியா இருந்துச்சு. ஏத்தி விட்டுட்டேன். இனிமே நிக்காது.”

“டேய், நீ மெக்கானிக்கா, பேண்ட் வாத்தியக்காரனா? சத்தத்தைக் கூட்டிவிட்டா கோளாறு போயிடுமா?”

“ஓடுதுல்ல?”

“ஓடுது. ஏன் முன்னாடி ஓடலைன்னு சொல்லு பாப்போம்.”

மச்சினன் கையைத் துடைத்தான். லாரிக்காரர் அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி, அவன் முன்னாலேயே அந்த ஸ்குரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். எஞ்சின் மறுபடி தள்ளாட ஆரம்பித்தது. “நோயை மூடி வைக்கிற வேலை எனக்கு வேணாம். நானே பாத்துக்கறேன்” என்று வண்டியில் ஏறினார். அது ஷெட் வாசலைத் தாண்டுவதற்குள் நின்றுபோனதும், மச்சினன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளிவிட்டதும் அவர் கோபத்தை இன்னும் கிளறிவிட்டன.

மறுநாள் காலை வீட்டு முன்னாலிருந்த ஷெட்டில் வேலையை ஆரம்பித்தார். மனைவி ஒரு கையில் டார்ச்சோடும் மறுகையில் ஸ்பேனர் டப்பாவோடும் பக்கத்தில் நின்றாள். இது அவளுக்குப் பழக்கம்தான். அவர் கையை நீட்டினால் கேட்காமலே பத்தாம் நம்பர் வரும். மாற்றி நீட்டினால் பன்னிரண்டு வரும்.

முதலில் ஃபில்டருக்கு அடியிலிருந்த தண்ணீரை வடித்துப் பார்த்தார். சுத்தமான டீசல்தான் வந்தது. ஃபில்டரையே மாற்றினார். எஞ்சின் தள்ளாட்டம் நிற்கவில்லை. டேங்க் மூடியில் காற்று போகும் துளை அடைத்திருக்கிறதா என்று மூடியைக் கழற்றி ஓட்டிப் பார்த்தார். அதுவுமில்லை. பிறகு ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் கறுப்பு ட்யூபைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் ஒன்றை மாட்டினார்.

“இப்ப ஸ்டார்ட் பண்ணு.”

அவள் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி ஓட்டத் தெரியாது என்றாலும் சாவி திருப்பத் தெரியும். ட்யூபுக்குள் டீசலோடு சேர்ந்து குட்டிக் குட்டிக் குமிழிகள் வரிசையாக ஓடின.

“பாத்தியா, பாத்தியா” என்று லாரிக்காரர் எக்களித்தார். “காத்து. இந்த பம்பு டேங்க்லருந்து டீசலை உறிஞ்சி எடுக்குது. நடுவுல எங்கயாவது ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தா டீசலுக்குப் பதிலா காத்தை உறிஞ்சிடும். வெளியில ஒரு சொட்டு ஒழுகாது, அதனால கண்டுபிடிக்கவும் முடியாது. வேகமா போறப்ப சமாளிச்சிடும். நின்னபடி ஓடற ஐடிலிங்லதான் காட்டிக் கொடுக்கும்.”

“எங்க வேணா காத்து போகுமா?”

“டேங்க்லருந்து பம்பு வரைக்கும் எங்க வேணா. கிளிப்பு லூஸா இருந்தா போதும். இதோ, ஃபில்டர் மேல இருக்கே, காத்து எடுக்கற ஸ்குரூ, இதைக் கால் சுத்து தளர்த்தினாலே போதும், வண்டி படுத்துடும்.”

அவள் குனிந்து அந்த ஸ்குரூவைப் பார்த்தாள். அன்றைக்கு வெறும் ஆர்வத்தில்தான் பார்த்தாள்.

கோளாறு டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் ட்யூபில் இருந்தது. வளைவில் வெடித்திருந்தது. புது ட்யூப் போட்டதும் குமிழிகள் காணாமல் போயின. எஞ்சின் ஒரு தாளத்தில் நின்று ஓடியது. லாரிக்காரர் பானெட்டின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து, தண்ணீர் ஆடாமல் இருப்பதை மனைவிக்குக் காட்டினார். அப்படியே மனைவியையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கொண்டுபோய் மச்சினன் ஷெட் வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டார். அவன் வெளியே வந்து பார்க்கும்வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பினார்.

திரும்பி வரும் வழியில்தான் அது நடந்தது. பள்ளிக்கூடத்து முனையில் இடப்பக்கம் திரும்பும்போது அவர் மனைவி “ஐயோ” என்று கத்திக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள். வண்டி கோணிக்கொண்டு போய் நடுரோட்டில் நின்றது. இடப்பக்க ஜன்னலுக்கு வெளியே ஒருவன் குழந்தையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இவர்களைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டிருந்தான்.

லாரிக்காரர் மனைவி பக்கம் திரும்பிக் கத்தினார். “ஓடுற வண்டியில ஸ்டியரிங்கைப் புடிக்கிறியே, உனக்குப் புத்தி இருக்கா? எத்தனை லட்சம் மைல் ஓட்டியிருக்கேன், எவனாவது என் ஸ்டியரிங்ல கை வெச்சிருக்கானா?”

“குழந்தை. இடிச்சிருப்பீங்க.”

“அது குறுக்க வந்துச்சு. நான் பிரேக் அடிச்சிருப்பேன்.”

“உங்க கால் பிரேக்குலயே இல்ல.”

“இன்னொரு தடவை கையை வெச்சே, கையை ஒடிச்சிருவேன்.”

வீட்டுக்கு வந்தும் அவள் விடவில்லை. அந்தக் குழந்தையை நீங்கள் பார்க்கவே இல்லை, ஒரு கண் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள் என்றாள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். மலைப்பாதையில் பனிமூட்டத்தில் ஓட்டிய கண்ணை இவள் குறை சொல்வதா? இந்தப் பேச்சு இந்த வீட்டில் இனி எழக் கூடாதென்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினார். அவளும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவே வெகுநேரம் பிடித்தது. ஆனதும் பழையபடி ஏறி இறங்கியது. பிளாஸ்டிக் ட்யூபில் குமிழிகள்.

லாரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். புது ட்யூபைத் தடவிப் பார்த்தார். கிளிப்புகளை இறுக்கினார். கடைசியில், ஃபில்டர் மேலிருந்த ஸ்குரூ கையாலேயே திரும்புவதைக் கண்டார். ஃபில்டர் மாற்றியபோது தானே சரியாக இறுக்காமல் விட்டிருப்பேனோ என்று ஒரு கணம் நினைத்தார். அந்த நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. இறுக்கினார். வண்டி சரியானது.

சில நாளில் மறுபடியும் அதே கதை. அதே ஸ்குரூ. வாஷர் தேய்ந்திருக்கும் என்று புதுசு போட்டார். மறுபடியும். மரை போயிருக்கும் என்று ஸ்குரூவையே மாற்றினார். வேறு ஃபில்டர் தலையையே தேடிப் பிடித்து மாட்டினார். ஒவ்வொரு முறையும் வண்டி சரியாகும். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாளில் எங்காவது ஒரு முனையில் நின்று அவரை அவமானப்படுத்தும். தெருவில் தள்ளிவிட ஆள் கூப்பிடுவதற்குள் அவருக்குப் பாதி உயிர் போய்விடும்.

மச்சினன்மேல் சந்தேகம் வந்தது. ஃபில்டர் அவன் ஷெட்டில் வாங்கியது. நேரே போய் ஷெட்டில் நாலு பேர் முன்னால் நின்று, “ஸ்குரூ நிக்காத போலி சாமானை என் தலையில கட்டிட்டு, அக்கா புருஷன்னு அத்தான் அத்தான்னு கூப்பிட வேற செய்யறே” என்றார்.

மச்சினன் முகம் சிவந்தது. “அத்தான், உங்களுக்குக் கொடுத்த அதே ஃபில்டர்தான் இங்க நிக்கிற எல்லா வண்டியிலயும் இருக்கு. உங்க வண்டியில மட்டும் லூஸ் ஆகுதுன்னா அது ஃபில்டர் குத்தமா? தானா ஒரு ஸ்குரூ இத்தனை தடவை கழலாது. யாரோ கழட்டறாங்க. போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து என்கிட்ட பேசுங்க, அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க.”

யாரோ கழற்றுகிறார்கள். லாரிக்காரருக்கு இது தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஸ்குரூவை நன்றாக இறுக்கி, அதன் தலையிலிருந்து ஃபில்டர் வரைக்கும் வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். ஸ்குரூ அசைந்தால் கோடு இரண்டாக விலகிவிடும். தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் போய்ப் பானெட்டைத் திறந்து கோட்டைப் பார்த்தார். ஒரு நாள் கோடு விலகியிருந்தது. மேல் பாதி ஒரு பக்கம், கீழ்ப் பாதி ஒரு பக்கம்.

யார் என்று யோசிக்க அவருக்கு நேரமே ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர். ஆபீஸ் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். காலையில் இவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் புகை தன் படுக்கை அறைக்குள் வருகிறதென்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலில் நிற்பவர். இரண்டு முறை நேரில் வந்தும் சொல்லிப் பார்த்தவர்.

லாரிக்காரர் அவர் வீட்டுக் கதவைத் தட்டிய தட்டில் தெருவே எட்டிப் பார்த்தது.

“புகை வந்தா என்கிட்ட சண்டை போடணும் சார். அதுதான் ஆம்பளைத்தனம். திருட்டுத்தனமா வந்து ஸ்குரூவைக் கழட்டறது என்ன பழக்கம்?”

பக்கத்து வீட்டுக்காரர் கையில் செய்தித்தாளோடு நின்றார். “எந்த ஸ்குரூ?”

“நடிக்காதீங்க. ஃபில்டர் மேல இருக்கற ஸ்குரூ.”

“ஃபில்டர் எங்க இருக்கு?”

“பானெட்டுக்குள்ள.”

“பானெட்டை எப்படித் திறப்பீங்க?”

“டிரைவர் சீட்டுக்குக் கீழ லீவர் இருக்கு, அதை இழுத்தா…” லாரிக்காரர் பாதியில் நிறுத்தினார்.

“வண்டியைப் பூட்டி வெப்பீங்கதானே?”

“வைப்பேன்.”

“சாவி எங்க இருக்கும்?”

“வீட்டுக்குள்ள. சமையலறைக் கதவுக்குப் பக்கத்துல, ஆணியில” என்றார் லாரிக்காரர்.

“நான் உங்க வீட்டுச் சமையலறை வரைக்கும் வந்ததில்லை சார்” என்று பக்கத்து வீட்டுக்காரர் சாந்தமாகச் சொன்னார். “ஆனா புகை மட்டும் என் வீட்டுக்குள்ள தினமும் வருது. அதையும் கொஞ்சம் பாருங்க.”

தெருவில் யாரோ சிரித்தார்கள். லாரிக்காரர் திரும்பி நடந்தார். வீட்டுக்கும் அந்தக் கதவுக்கும் இடையே பத்தடிகூட இருக்காது. ஆனால் அந்த வழியைக் கடக்க அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி டீ கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரை வாங்கி வாயருகில் கொண்டுபோனார். அவள் விரல் பட்ட டம்ளரில் டீ வாசனைக்கு மேலே சோப்பு வாசனை அடித்தது. அந்த சோப்பு வாசனைக்கும் அடியில் இன்னொன்று. வாழ்நாள் முழுக்க தன் சட்டையிலும் தலையணையிலும் இருந்த வாசனை. எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் விரல் ரேகைக்குள் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிற டீசல் வாசனை.

டம்ளரைக் கீழே வைத்தார்.

“நீயா?”

அவள் மறுக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி, “ஆமா” என்றாள்.

“எத்தனை தடவை?”

“நீங்க சரி பண்ண ஒவ்வொரு தடவையும்.”

லாரிக்காரர் டம்ளரைத் தள்ளி வைத்தார். “ரோட்டு ரோட்டா நின்னேன். கண்டவனெல்லாம் வண்டியைத் தள்ளிவிட்டான். உன் தம்பியை நாலு பேர் முன்னால அசிங்கப்படுத்தினேன். இப்ப அந்த ஆளு வாசல்ல நின்னு மூக்கறுபட்டுட்டு வர்றேன். எல்லாத்தையும் பாத்துக்கிட்டு டீ போட்டுக் கொடுத்துட்டு இருந்திருக்கே.”

“இருந்தேன்.”

“டார்ச் புடிச்சிட்டு நின்னே. பத்தாம் நம்பர் எடுத்துக் கொடுத்தே. கழட்டினவளே எடுத்துக் கொடுத்தே.”

“நீங்கதானே சொன்னீங்க, கால் சுத்து தளர்த்தினா போதும், வண்டி படுத்துடும்னு. உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்.”

“எதுக்குடி?”

அப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத குரல். “எதுக்கா? அந்தக் குழந்தைக்கு. அது குறுக்க வந்துச்சுன்னு சொல்றீங்களே, அது வரல. அது நின்னுட்டிருந்துச்சு. அவங்க அப்பன் விரலைப் புடிச்சிக்கிட்டு ஓரமா நின்னுட்டிருந்துச்சு. நீங்கதான் அது மேல போனீங்க. நான் இழுக்கலைன்னா இன்னிக்கு நீங்க எங்க இருப்பீங்க, அது எங்க இருக்கும்?”

“பாத்திருப்பேன்.”

“எதைப் பாத்திருப்பீங்க? இடப்பக்கம் வெக்கிற எதை நீங்க பாக்கறீங்க? தட்டுக்கு இடப்பக்கம் தண்ணி வெச்சா தண்ணி எங்கன்னு கேக்கறீங்க. கதவு நிலையில தோளை இடிச்சிக்கிறீங்க. சொன்னா தட்டைத் தள்ளறீங்க. கையை ஒடிப்பேங்கறீங்க. உங்க வாயை மூட எனக்குத் தெரியாது. வண்டியை நிறுத்தத் தெரிஞ்சுது. நிறுத்தினேன்.”

“ஓடறப்ப நடுவுல நின்னு பின்னால எவனாவது மோதியிருந்தா?”

“அதையும் நினைச்சேன். தினமும் நினைச்சேன். நீங்க கிளம்பறப்பல்லாம் வண்டி வெளிய போகாம ஷெட்டுலயே நின்னுடணும்னுதான் வேண்டிக்குவேன். ஆனா நீங்க விடறீங்களா? இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு ஓட்டிட்டுப் போறீங்க.”

லாரிக்காரர் எழுந்தார். டப்பாவிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். ஆணியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டார். “என் வண்டி. என் கண்ணு. எவன் தடுக்கறான்னு பாக்கறேன்” என்று வெளியே போனார்.

ஷெட்டில் பானெட்டைத் திறந்து ஸ்குரூவை முறுக்கினார். அவசரத்தில் ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி தோலுரிந்தது. ஃபில்டரோடு இருந்த கைப்பம்பை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினார். பானெட்டை ஓங்கி மூடினார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பிடித்துக்கொண்டது. ஏற்றமில்லை, இறக்கமில்லை, அப்படி ஒரு சீர். கேட்பீங்களாடா இப்ப, பழசு கிழசுன்னு, என்று யாரையோ மனதுக்குள் கேட்டார். வலப்பக்கம் பார்த்தார், தெரு காலி. இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், தெரு காலி. கியரைப் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டார்.

டப் என்று பானெட்டில் அறை விழுந்தது.

பிரேக்கை மிதித்தார். வண்டி முன்பக்கம் குனிந்து நின்றது. இடப்பக்க விளக்குக்கு முன்னால், பானெட்டில் வைத்த கையை எடுக்காமல், அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய புடவைக்கும் பம்பருக்கும் நடுவே இடைவெளியே தெரியவில்லை.

அவர் கண்ணாடியை இறக்கினார். “பைத்தியமா உனக்கு? ஓடுற வண்டி முன்னால ஓடி வர்றே?”

“நான் ஓடி வரல. நீங்க பானெட்டை மூடறப்பவே இங்கதான் நின்னேன்.”

“பொய் சொல்லாதே. பாத்துட்டுதான் எடுத்தேன். இங்க யாரும் இல்ல.”

அப்போது பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மூக்கில் துண்டு இருந்தது, அதைக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னார். “அவங்க அங்கதான் சார் நின்னாங்க. நீங்க வண்டியில ஏறறதுக்கு முன்னாலருந்து. நான் பாத்துட்டேதான் இருந்தேன்.”

லாரிக்காரர் அந்த ஜன்னலை முறைத்தார். திரும்பித் தன் மனைவியைப் பார்க்க, கண்ணை மட்டும் நகர்த்தினால் போதவில்லை. தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினால் இருந்தாள், மறுபடி நேரே பார்த்தால் இல்லை. அவள் நின்ற இடத்தில் இருட்டுகூட இல்லை. ஷெட்டுச் சுவரும் தெருவும் சேர்ந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டின. இரண்டு மூன்று முறை அப்படிப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்தார்.

கண் மருத்துவமனையில் அவரை ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவிக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும், சுற்றி எங்காவது வெளிச்சப் பொட்டு தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். லாரிக்காரர் அழுத்தினார். பிறகு வெகுநேரம் எதுவும் வரவில்லை. காத்திருந்தார். பொறுமை போயிற்று.

“அம்மா, உங்க மெஷின் சரியில்ல” என்று டாக்டரிடம் சொன்னார். “பாதி நேரம் லைட்டே வர மாட்டேங்குது. யாரையாவது கூட்டிட்டு வந்து பாக்கச் சொல்லுங்க.”

டாக்டர் சின்ன வயசுப் பெண். “லைட் வந்துட்டேதான் இருந்துச்சு ஐயா” என்றாள்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது, இடது கண்ணில் ஓரப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, வலது கண்ணிலும் இடப்பக்கம் குறைந்திருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினாள். போனது திரும்ப வராது, இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம், வண்டி ஓட்டக் கூடாது என்றாள்.

“எனக்கே தெரியாம எப்படிப் போகும்? தூங்கிட்டா இருந்தேன்?” லாரிக்காரர் மேசையைத் தட்டினார்.

“மெதுவா போகும். வலிக்காது. இன்னொரு கண்ணு ஈடு கட்டிக்கிட்டே வந்திருக்கும். அதனாலதான் தெரியல.”

லாரிக்காரருக்குப் பம்பின் ஸ்குரூவைத் திருகிவிட்டு ‘ஓடுதுல்ல’ என்று கேட்ட மச்சினன் முகம் நினைவுக்கு வந்தது. அவருக்கு அது புரிந்தது. புரிந்ததனால் கோபம் இன்னும் அதிகமானது. எழுந்து வந்தார். சொட்டு மருந்தை மனைவிதான் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பல நாள் அவர் அவளோடு பேசவில்லை. மருந்து விட மட்டும் தலையைச் சாய்த்து உட்காருவார். அவளும் பேசாமல் விடுவாள். ஒரு நாள் அப்படிச் சாய்ந்திருந்தபோது, மூடிய கண்ணோடேயே அவர் சொன்னார்.

“என் கண்ணுல கோளாறுன்னு நீ சொன்னே. நான் திட்டினேன். அது என் தப்பு. ஆனா நல்லா ஓடற எஞ்சினைக் கெட்டுப்போச்சுன்னு என்னை நம்ப வெச்சே பாரு. என் கை வேலை மேலயே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அதை என்னால மன்னிக்க முடியல.”

“மன்னிக்க வேணாம்” என்றாள் அவள். “கண்ணைத் திறக்காதீங்க, மருந்து வழியுது.”

மச்சினன் ஷெட்டுக்கு அவரே ஒரு நாள் போனார். உள்ளே நுழையாமல் வாசலில் நின்றுகொண்டு, “அது உங்க அக்கா வேலை” என்றார். மச்சினனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தான். சிரித்துச் சிரித்து, கையிலிருந்த ஃபில்டரைக் கீழே வைத்துவிட்டு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான். “அக்காவா? பத்தாம் நம்பரை வெச்சா?” லாரிக்காரர் கோபத்தோடு திரும்பி நடந்தார். அவன் பின்னாலேயே ஓடி வந்து தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். மன்னிப்பு என்ற வார்த்தையை இருவரும் சொல்லவில்லை.

வண்டியை ஓட்டிப் பழகிக்கொள்ளும்படி மனைவியிடம், கல்யாணமாகிப் போயிருந்த மகள் ஃபோனில் சொன்னாள். “எனக்கு வேணாம்மா” என்றாள் அவள். “பக்கத்துல உங்கப்பா உக்காந்துப்பாரு. அதுக்கு நடந்தே போயிடலாம்.” கடைசியில் மகளே வந்து வண்டியை எடுத்துக்கொண்டாள். காலையில் ஸ்டார்ட் ஆனதும் எடுக்காதே, சூடாகட்டும், குமிழி வந்தால் ஃபோன் பண்ணு, உன் புருஷனைத் தொடவிடாதே என்று லாரிக்காரர் ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் எல்லாவற்றுக்கும் சரிப்பா சரிப்பா என்றாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவர் நின்றார். அதன் சத்தம் போன பிறகும் நின்றார். பக்கத்து வீட்டு ஜன்னல் அகலமாகத் திறந்திருந்ததைப் பார்த்து முறைத்துவிட்டு உள்ளே போனார்.

இப்போது இருவரும் எங்கே போவதானாலும் பஸ்தான். நிறுத்தம் வரைக்கும் நடக்கும்போது அவள் அவருக்கு இடப்பக்கமாக வருவாள். அவர் கையைப் பிடிக்கவிடமாட்டார். அதனால் முழங்கை உரசுகிற தூரத்தில் நடப்பாள். எதிரே சைக்கிளோ ஆளோ வந்தால் முழங்கையால் லேசாக ஒரு இடி இடிப்பாள். “தெரியுது, தெரியுது” என்பார் அவர். பல சமயம் தெரிந்திருக்காது.

பஸ்ஸில் அவருக்கு முன்பக்க சீட்தான் வேண்டும். உட்கார்ந்ததும் டிரைவரின் கையையும் காலையும் பார்க்க ஆரம்பிப்பார்.

“பாரு, கிளட்சுல காலை வெச்சுக்கிட்டே ஓட்டறான். கியர் போடற லட்சணத்தைப் பாரு. வண்டி கதறுது.”

“மெதுவா பேசுங்க. அவர் காதுல விழும்.”

“விழட்டும். விழணும்னுதான் சொல்றேன்.”

டிரைவர் கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்தான். லாரிக்காரரும் விடாமல் பார்த்தார். அவர் மனைவி மடியிலிருந்த பையைத் திறந்து, சொட்டு மருந்து நேரமாகிவிட்டது, தலையைச் சாயுங்கள் என்றாள். ஓடுகிற பஸ்ஸில் எப்படி விடுவாய், கண்ணைக் குத்திவிடுவாய் என்று அவர் சண்டை பிடித்தார். பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்றதும், முணுமுணுத்துக்கொண்டே தலையைச் சாய்த்தார்.